அடுத்த தரப்பு

காலிதீன் சீனிமுகம்மது ஹாஜியாருக்குக் கொடுக்க வேண்டியிருந்தது எண்பத்து மூவாயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய். இது ஹாஜியார் வாசித்துக் காட்டிய கணக்கல்ல. காலிதீன் கடன் கொப்பியைத் தன் பக்கம் திருப்பி, விரல் வைத்து, தானே வாசித்த கணக்கு.

“ஏன் காலிதீன், என்ட வாசிப்புல குறையா?” என்று கேட்டார் ஹாஜியார்.

“உங்கட வாசிப்பு நல்லம் ஹாஜியார். என்ட வாசிப்பு சரியா எண்டு பாக்கிறன்.”

கல்முனையில் ஹாஜியாரின் பசளைக் கடையில் கடன்காரர்கள் கொப்பியைப் பார்க்கும் வழக்கமில்லை. ஹாஜியார் வாசிப்பார், கடன்காரர் தலையாட்டுவார். அதே கடையில் முப்பத்தொரு வருஷமாக மூடை சுமக்கும் நாட்டாமை வேலை பார்க்கும் காலிதீனும் அப்படித் தலையாட்டி வந்தவர்தான். நாற்பத்தொன்பதாவது வயதில்தான் மகள் முஸ்பிறாவின் பழைய பாடப் புத்தகத்தை எடுத்து எழுத்துக் கூட்டத் தொடங்கினார். அவர் தன் முயற்சியில் முதன்முதல் வாசித்து முடித்தது யூரியா மூடையில் அடித்திருந்த ஒரு வரி: ‘கொக்கி பாவிக்க வேண்டாம்.’ அந்த மூடைகளை இருபத்துநான்கு வருஷமாக அவர் கொக்கி போட்டுத்தான் இழுத்திருந்தார். அன்று பிடித்த வாசிப்புப் பைத்தியம். அதற்குப் பிறகு வாசிக்காமல் எதையும் தோளில் ஏற்றுவதுமில்லை, வாசிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடுவதுமில்லை.

மாவடிப்பள்ளி வட்டையில் அவருக்கு இரண்டு ஏக்கர் குத்தகை வயல் இருந்தது. பசளையும் மருந்தும் ஹாஜியார் கடனுக்குத் தருவார். ஹாஜியார் வட்டி எடுக்கமாட்டார். வட்டி ஹறாம். அவர் விலையை எடுப்பார். வெள்ளாமை வெட்டிய அன்று கடை வாசல் பலகையில் நெல் விலையை அவர்தான் எழுதுவார். கடன்பட்டவர் அந்த விலைக்கே நெல்லை இறக்க வேண்டும். இறக்கினால் கடனில் பாதி தீரும். மிச்சம் அடுத்த போகத்துக் கொப்பியில் முதல் வரியாக உட்கார்ந்து கொள்ளும். பதினொரு வருஷமாகக் காலிதீனின் பெயருள்ள பக்கம் வெட்டப்பட்டதே இல்லை.

“இந்த முறை வெள்ளாமையோட என்ட பக்கத்த உங்கட கையாலயே கோடு போட்டு வெட்டுவீங்க,” என்றார் காலிதீன். கடையில் பத்துப் பேர் நின்றார்கள்.

ஹாஜியார் சிரித்தார். “இன்ஷா அல்லாஹ். கோடு நேரா வரணும். அடிமட்டம் ஒண்டு கொண்டு வா.”

பத்துப் பேரும் சிரித்தார்கள். காலிதீன் சிரிக்கவில்லை. சொன்ன சொல்லை மூடை மாதிரி நடுவழியில் இறக்கி வைக்க முடியாது.

அந்தக் கிழமைதான் மாவடிப்பள்ளிக் கமக்காரர் கட்டடத்துக்குத் தினேஷா வந்தார். கல்முனைப் பிள்ளை, கொழும்புக் கம்பனியொன்றில் வேலை. கையில் ஒரு கட்டுப் பத்திரம். வந்திருந்த நாற்பது விவசாயிகளின் கண்ணெல்லாம் மேசையிலிருந்த பற்றீஸ் பலகாரப் பெட்டியில் இருந்தது.

“இது புதுசா ஒரு சோதனைத் திட்டம்,” என்று தொடங்கினார் தினேஷா. “மூணு மாசம் கழிச்சு வாற நெல்லு விலையை இண்டைக்கே பூட்டி வைக்கிற ஒப்பந்தம். கிலோ நூற்றி இருபது எண்டு எழுதுறம். வெட்டுற அண்டைக்கு விலை அதை விடக் குறைஞ்சா, வித்தியாசத்த அடுத்த தரப்பு உங்களுக்குத் தரும். கூடினா நீங்க அடுத்த தரப்புக்குக் குடுக்கணும்.”

“அடுத்த தரப்பு எண்டா ஆரு மிஸ்?”

“அது... இனித்தான் தேடணும்.”

கட்டடம் முழுக்கச் சிரிப்பு. பின்னால் இருந்த ஒருவர் எழும்பினார். “விளங்கிட்டு மிஸ். பொண்ணும் பொறக்கல்ல, மாப்பிளயும் பொறக்கல்ல. நீங்க வலீமாச் சாப்பாட்டுக்கு ஆள் எண்ணுறீங்க.”

பற்றீஸ் முடிந்தது. அஸர் பாங்கு சொல்லும் சத்தம் கேட்டது. அதைவிட நல்ல சாட்டு யாருக்கும் கிடைக்காது. இரண்டு நிமிஷத்தில் முப்பத்தொன்பது கதிரைகள் வெறுமையாயின. ஒரு கதிரையில் மட்டும் காலிதீன் இருந்தார். அவர் மூன்றாம் பக்கத்தில் விரல் வைத்திருந்தார்.

“நீங்க தொழப் போகல்லையா காக்கா?”

“தொழுகைக்கு நேரம் கிடக்கி மிஸ். இந்தத் தாளுக்கு நீங்க இரிக்கும் மட்டுந்தானே நேரம்.”

பதினொரு பக்கத்தையும் வாசித்து முடித்தார். விளங்காத இடத்தில் கேட்டார். அவர் கேட்ட இரண்டு கேள்விகளுக்குத் தினேஷா கொழும்புக்குப் போன் எடுத்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் கையெழுத்துப் போட்டார். ஏழு வருஷம் பழகிய கையெழுத்து. அதன் வால் தன் கட்டத்தைத் தாண்டி, ‘அடுத்த தரப்பு’ என்ற வெற்றுக் கட்டத்துக்குள்ளும் ஒள்ளுப்பம், கொஞ்சமே கொஞ்சம், போய்த்தான் நின்றது.

அந்தக் கையெழுத்தின் மை காயுமுன்னே முதல் சிக்கல் வந்தது. தொழுதுவிட்டு வந்த மௌலவி, பள்ளிவாசல் படியில் வைத்துக் காலிதீனின் கதையைப் பொறுமையாகக் கேட்டார்.

“நெல்லு கை மாறுதா?”

“இல்ல மௌலவி. விலையிட வித்தியாசம் மட்டுந்தான் கை மாறும்.”

“நெல்லு உன்ட வயல்லயே கிடக்கும், காசு மட்டும் அங்கிட்டு இங்கிட்டுப் போகும். எனக்கு மனசுக்குச் சரியாப் படல்ல காலிதீன். பந்தயம் மாதிரிக் கிடக்கி. நெல்லு மெய்யா போய்ச் சேரணும். வாங்குறவன் காசு குடுத்து அந்த நெல்ல மெய்யா எடுக்கணும். அப்பிடி எழுத ஏலுமா எண்டு கேளு.”

கேட்டார். தினேஷா கொழும்புக்கு எழுதினார். இரண்டு நாள் யோசித்த கொழும்பு, சரி, மூவாயிரத்து அறுநூறு கிலோ நெல்லையும் நூற்றி இருபதுக்கு அடுத்த தரப்பு மெய்யாகவே வாங்கும், காசை முன்கூட்டியே வங்கியில் கட்டி வைக்கும் என்று மாற்றி எழுதியது. காலிதீன் அல்ஹம்துலில்லாஹ் சொல்லி வாய் மூடவில்லை, தினேஷா அடுத்த வரியை வாசித்தார்.

“நெல்லு மெய்யா வரணும் எண்டபடியா, வராம விட்டா என்ன செய்யுற எண்டு கேக்கிறாங்க காக்கா. காணி உறுதிப் பத்திரம் உள்ள ஒரு ஆள் பிணை நிக்கணுமாம்.”

“அதுக்கென்ன மிஸ். கல்முனையில எனக்கு ஆளில்லையா?”

ஆள் இருந்தார்கள். உறுதிதான் இல்லை. முதலில் போனது தேத்தண்ணிக் கடைக்காரரிடம். அவர் அக்கம் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “வீடு பொஞ்சாதிட பேரில காக்கா. சீதனம்.” அடுத்தவர் இரண்டு மாடி வீட்டு இரும்புக்கடைக்காரர். கடை அவருடையது, கடை நிற்கிற மண் அவருடைய மாமியுடையது. மூன்றாவது ஆள் ஊர்க்கூட்டங்களில் மேசையைத் தட்டிக் கதைக்கிறவர். அவர் காலிதீனை மதிலோரமாகக் கூட்டிக்கொண்டு போய், “இத வெளியில கதைக்காதீங்க,” என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

காலிதீனோடு கடையில் மூடை சுமக்கும் சொறிக்கல்முனை நல்லரெத்தினத்திடமும் கேட்டுப் பார்த்தார்.

“எங்கட பக்கமும் இதே கதைதான் மச்சான். வீடு பொம்புளப் புள்ளைக்கு. எனக்கெண்டு இருக்கிறது இந்தத் தோள்தான். அத வேணுமெண்டா பிணை வை.”

கணக்கு எழுதும் இஹ்ஸான் இதைக் கேட்டுப் பேனையைக் கீழே வைத்துச் சிரித்தான். அவன்தான் தினமும் ஹாஜியார் வீட்டுக்குப் போய் மத்தியானச் சாப்பாடு எடுத்து வருகிறவன். “நீங்க ஏன் காக்கா கவலப்படுறீங்க? நம்மட ஹாஜியார்ட மூணு மாடியும் ஆயிஷா உம்மாட பேரிலதான். அவட புருசன் எண்டு பேரு. வாசல்ல கிடக்கிற செருப்பு மட்டுந்தான் அவர்ட.”

“மெதுவாக் கதைடா, உள்ளுக்க இரிக்கார்!” என்றார் காலிதீன்.

கடைசியில் காலிதீன் வீட்டுக்கு வந்தார். மனைவி ஸகியா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கதை முழுவதையும் கேட்கும் வரை கத்தி நிற்கவில்லை.

“இஞ்ச, ஊரெல்லாம் சுத்தி மறுகாத்தானா என்ட ஞாபகம் வந்த? இந்த வீடு என்ட உம்மா எனக்குத் தந்தது. நீங்க வரக்குள்ள கொண்டு வந்த ஒரு பெட்டியும் ஒரு பாயுந்தான்.”

“பாயும் இல்ல ஸகியா. பாயும் உங்கட உம்மாதான் தந்த.”

ஸகியாவின் கத்தி நின்றது. சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். “உறுதிய எடுத்துத் தாறன். ஆனா என்ட உறுதியில ஒப்பந்தமெண்டா, ஒப்பந்தமும் என்ட பேரிலதான்.”

“கையெழுத்து நான் போட்டிட்டன் ஸகியா.”

“வெட்டச் சொல்லுங்க.”

அடுத்த நாள் அந்த வீட்டு மேசையில் தினேஷா சிவப்புப் பேனையால் காலிதீனின் ஏழு வருஷக் கையெழுத்தை, வாலோடு சேர்த்து, வெட்டினார். பார்த்துக்கொண்டு நிற்பது கஷ்டமாக இருந்தது. ஸகியா பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். ஒரே இழுப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டு மீன் சட்டியைப் பார்க்கப் போய்விட்டார். காலிதீனுக்குக் கீழே சின்னதாக ஒரு கோடு காட்டப்பட்டது. சாட்சி.

“சாட்சியும் பெரிய பதவிதான் காக்கா,” என்றார் தினேஷா.

காலிதீன் சாட்சிக் கையெழுத்தையும் முழு வாலோடுதான் போட்டார்.

பயிர் முழங்கால் உயரம் வந்தது. அடுத்த தரப்பு வரவில்லை. தினேஷா மோட்டார் சைக்கிளில் ஆலை ஆலையாக ஏறி இறங்கினார். ஆலைக்காரர்கள் கதிரை போட்டு, குளிர்பானம் தந்து, அனுப்பி வைத்தார்கள்.

“எல்லாரும் ஒரே பதில்தான் சொல்றாங்க,” என்று ஒரு நாள் காலிதீன் வீட்டு முற்றத்தில் வந்து உட்கார்ந்தார். முகம் வெயிலில் கறுத்திருந்தது. “‘விலையை எழுதுற கை எங்கட கை. அத நாங்களே ஏன் கட்டுவம்?’ எண்டு கேக்கிறாங்க. விக்கிறதுக்கு ஆள் இருக்கு, வாங்குறதுக்கு ஒரு ஆள் இல்ல. கொழும்பில திட்டத்த மூடப் போறாங்க காக்கா. இந்தக் கிழமைக்குள்ள ஒரு தரப்பு வராட்டி உங்கட பத்திரம் வெறும் தாள்.”

கடையில் நல்லரெத்தினம் ஒருவர் மட்டுந்தான் காலிதீனைக் கேலி செய்யாமல் இருந்தார். மற்ற எல்லாரும் காலையில் அவரைக் கண்டதும் கேட்கும் முதல் கேள்வி, “அடிமட்டம் வாங்கியாச்சா?”

ஸகியா உள்ளே இருந்து எட்டிப் பார்த்தார். “மிஸ், ஒரு பிளேன்டி குடிச்சிட்டுப் போங்க. இஞ்ச, நீங்க போய் ஆட்டுக்கு ஒள்ளுப்பம் குழை ஒடிச்சிட்டு வாங்க.”

“இப்பயா?”

“ஆடு இப்பதானே கத்துது.”

ஆடு கத்தவில்லை. ஆனாலும் காலிதீன் போனார். குழையோடு திரும்பி வந்தபோது தினேஷா போய்விட்டிருந்தார். இரண்டு கோப்பை கழுவிக் கவிழ்த்திருந்தது.

ஐந்தாம் நாள் போன் வந்தது. “காக்கா! அடுத்த தரப்பு வந்தாச்சு! நாலு இலட்சத்து முப்பத்திரெண்டாயிரம், முழுக் காசும் வங்கியில கட்டியாச்சு!”

“ஆரு மிஸ்?”

“அது சொல்ல ஏலாது. நெல்லை நிறுத்து ஏத்தும் வரைக்கும் இரகசியம் எண்டு ஆறாம் பக்கத்தில இருக்கு.”

இருந்தது. காலிதீன் அதை வாசித்திருந்தார். ஆகவே அதற்கு மேல் கேட்க வழியில்லை.

அல்லாஹ்வின் கிருபையால் எல்லாம் சரி என்று அவர் மூச்சு விட்ட கிழமைதான் நெல் விலை ஏறத் தொடங்கியது. அறுவடைக்கு முந்திய பஞ்சம். நூற்றி இருபத்தைந்து. நூற்றி முப்பது. நூற்றி முப்பத்தைந்து.

“ஹாஜியார் நேத்து வீட்ட சாப்பிடக்குள்ள சொன்னாராம், நூத்தி நாப்பதத் தொடும் எண்டு,” என்றான் இஹ்ஸான், சாப்பாட்டுப் பெட்டியை இறக்கி வைத்தபடி. “கடையில நிண்டா இறங்கும் எம்பார். வீட்ட சோத்துக்கு முன்னால இரிந்தா ஏறும் எம்பார். இந்த மாசம் முழுக்க அங்க இதே கதைதானாம். நீங்க நூத்தி இருவதுக்குக் கட்டிட்டீங்களே காக்கா!”

அன்று காலிதீன் தூக்கிய ஒவ்வொரு மூடையும் இரண்டு மூடையாகக் கனத்தது. கிலோவுக்குப் பதினைந்து ரூபாய். மூவாயிரத்து அறுநூறு கிலோ. கணக்கு அவருக்கு இப்போது நன்றாக வரும். அதுதான் வேதனை. ஐம்பத்து நாலாயிரம்.

ஹாஜியார் அவரை மேசையடிக்குக் கூப்பிட்டார். குரலில் தேன் வடிந்தது.

“காலிதீன், முப்பத்தொரு வருசம் என்ட கடையில நிண்டவன் நீ. நான் நூத்தி முப்பத்தஞ்சு தாறன். எழுதியே தாறன். அந்தக் கொழும்புத் தாளக் கிழிச்சிப் போடு. உன்ட கடனையும் கழிச்சி மிச்சத்தக் கையில தாறன்.”

நல்லரெத்தினம் மூடையைத் தோளில் வைத்தபடியே நின்றுவிட்டார்.

காலிதீன் மனதுக்குள் கணக்குப் பார்த்தார். பக்கம் வெட்டப்படும். கையில் காசும் வரும். கிழிக்க வேண்டியது ஒரு தாள். அதில் அவர் வெறும் சாட்சி.

“கையெழுத்துப் போட்டாச்சி ஹாஜியார்.”

“போட்டது உன்ட பொஞ்சாதி!”

“ஓம். அவ போட்டது உண்மையெண்டு போட்டது நான்.”

ஹாஜியாரின் தேன் வற்றியது. “அப்ப சரி. வெள்ளாமை வெட்டுற அண்டைக்கு லுஹர் தொழுகைக்கு முந்தி என்ட காசு முழுக்க இந்த மேசைக்கு வரணும். வராட்டி நெல்லு இஞ்ச, நான் எழுதுற விலைக்கு. பத்துப் பேருக்கு முன்னால சவால் விட்டவன் நீதான்.”

நாட்டாமைகள் பெரிய வார்த்தை பேசமாட்டார்கள். அன்று மத்தியானம் நல்லரெத்தினம் தன் மீன் குழம்பில் பாதியைக் காலிதீனின் சோற்றில் ஊற்றினார்.

மாசி பிறந்தது. வெட்டு மிசின்கள் வட்டைக்குள் இறங்கின. எல்லா வயலும் ஒரே கிழமையில் நெல்லைக் கொட்ட, பலகையில் விலை சரியத் தொடங்கியது. நூற்றி இருபத்திரண்டு. நூற்றி ஒன்பது. காலிதீன் வெட்டிய அன்று காலை ஹாஜியார் சோக்கட்டியை இஹ்ஸானிடம் வாங்கித் தன் கையாலேயே எழுதினார்: 96.

“கொழும்புக்கு அரிசிக் கப்பல் வந்திட்டாம்,” என்றார், வாசலில் நின்ற விவசாயிகளிடம். “நான் என்ன செய்யுற?”

காலிதீன் அங்கே இல்லை. அவர் அன்று தொடங்கி நாலு நாளும் மாவடிப்பள்ளி வீதியோரத்தில், தார் ரோட்டின் சூட்டில் நெல்லைப் பரப்பி, காலால் கிளறிக்கொண்டிருந்தார். பசும் நெல்லை வெட்டியவுடன் விற்பதுதான் ஊர் வழக்கம். ஆனால் பதினாலு வீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் நெல் எடுபடாது என்று ஏழாம் பக்கம் சொல்லியிருந்தது. இரண்டாம் நாள் ஒரு தூறல் போட்டது. காலிதீனும் ஸகியாவும் முஸ்பிறாவும் படங்குத் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, அவ்வழியே போன பஸ்ஸிலிருந்தவர்கள் கை தட்டினார்கள். வெட்டிய மற்ற எல்லாருடைய நெல்லும் பசுமையாகவே ஹாஜியாரிடம் தொண்ணூற்றாறுக்குப் போய்க்கொண்டிருந்தது. “காயும் வரைக்கும்தான் தவணை,” என்று ஹாஜியாரும் ஆளனுப்பிச் சொல்லிவிட்டார். “காஞ்ச அண்டைக்கு லுஹர்.”

ஐந்தாம் நாள் விடிந்ததும் தினேஷா தராசோடும் ஈரம் பார்க்கும் கருவியோடும் வந்தார். ஒரு பிடி நெல்லைக் கருவிக்குள் போட்டார். காலிதீன் பிள்ளைப்பேறு பார்க்கிறவர் போல நின்றார்.

“பதிமூணு தசம் ஆறு!” என்றார் தினேஷா. “காக்கா, ஆலைக்காரங்களே இப்பிடிக் காய வைக்கிறதில்ல.”

அறுபது மூடை, ஒவ்வொன்றும் அறுபது கிலோ. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கடையில் போட்டால் மூடைக்கு இரண்டு கிலோ சாக்குக் கழிவு என்று போகும். இங்கே தினேஷா வெறும் சாக்கைத் தனியே நிறுத்துக் கழித்தார். நல்லரெத்தினமும் காலிதீனும் மருமகன் முறையான றினாஸின் உழவு மிசினில் பூட்டிய பெட்டியில் மூடைகளை ஏற்றினார்கள். கொக்கி பாவிக்கவில்லை.

தினேஷா ஒரு தாளை நீட்டினார். “இது நெல்லு போய்ச் சேர வேண்டிய இடம். இதை மட்டும் கொழும்பில இங்கிலீசில அடிச்சுப் போட்டாங்க காக்கா, குறை நினைக்காதீங்க.”

காலிதீன் வாங்கினார். மேலிருந்து கீழாக, ஒரு வரியும் விடாமல், மரியாதையாகப் பார்த்தார். “எழுத்து வடிவாத்தான் கிடக்கி. அடுத்த முறை தமிழில அடிக்கச் சொல்லுங்க,” என்று தாளை மடித்து, உயர்தரம் வரை படித்த றினாஸிடம் கொடுத்தார்.

றினாஸ் மிசினைக் கிளப்பும் அவசரத்தில் அதைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டான். “எங்க மாமா முதல்ல?”

“முதல்ல வங்கி. மறுகா ஹாஜியார்ட கடை. மறுகாத்தான் மத்ததெல்லாம்.”

தினேஷா நிறையை அறிவித்த கையோடு வங்கியில் காசு ஸகியாவின் கணக்குக்கு வந்திருந்தது. ஸகியா எண்பத்து மூவாயிரத்து எழுநூற்றைம்பதை எண்ணிக் காலிதீனின் கையில் வைத்தார். மிச்சத்தை முந்தானைக்குள் பத்திரப்படுத்தினார். ஆட்டோவில் ஏறப் போனவர் திரும்பி வந்தார்.

“இஞ்ச, அவர் கோடு போடக்குள்ள மட்டும் பாத்திட்டு வந்திராதீங்க. மறுகா ஒள்ளுப்பம் நிண்டு, அவர்ட மூஞ்சியையும் பாத்திட்டு வாங்க. எனக்குச் சொல்லணும்.”

லுஹருக்கு அரை மணி இருக்கும்போது உழவு மிசின் கடை வாசலில் வந்து நின்றது. அறுபது மூடையையும் கண்ட ஹாஜியாரின் முகம் மலர்ந்தது.

“நான் சொன்னேனா இல்லையா! கொழும்புக்காரன் ஏமாத்திட்டான். இறக்கு, இறக்கு. விலை பலகையில கிடக்கி, வாசிக்கத்தான் தெரியுமே உனக்கு.”

காலிதீன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். காசுக் கட்டை மேசையில் வைத்தார்.

“எண்ணுங்க ஹாஜியார்.”

ஹாஜியார் கட்டைப் பார்த்தார். காலிதீனைப் பார்த்தார். விரலை நாக்கில் தொட்டு எண்ணினார். நம்பாமல் இன்னொரு தரம் எண்ணினார். சரியாகத்தான் இருந்தது.

“எந்தக் காசு இது?”

“நெல்லு வித்த காசு. நூத்தி இருவதுக்கு.”

“தொண்ணூத்தாறு விக்கிற நெல்லுக்கா?” ஹாஜியாருக்குக் கோபத்தை விடச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. கல்குலேட்டரை இழுத்துத் தட்டினார். “கிலோவுக்கு இருவத்திநாலு... மூவாயிரத்தி அறுநூறு... இஞ்ச வந்து பாருங்கடா! எம்பத்தாறாயிரத்தி நானூறு ரூபாய மண்ணில கொட்டியிரிக்கான் எவனோ ஒரு மடையன். உன்ட கடன விடக் கூட! அவன்ட பொஞ்சாதி அவன வீட்டுக்குள்ள எடுப்பாளா?”

கடை முழுக்கச் சிரித்தது. காலிதீனும் இந்த முறை சேர்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே சட்டைக்குள் கையை விட்டு, முஸ்பிறாவின் அடிமட்டத்தை எடுத்துக் கொப்பிக்குப் பக்கத்தில் வைத்தார்.

சிரிப்பு நின்றது. இஹ்ஸான் பேனை மூடியைக் கழற்றிக் கொடுத்தான். சொன்ன சொல் பத்துப் பேருக்கு முன்னால் சொன்ன சொல். ஹாஜியார் கொப்பியைத் திருப்பினார். பதினொரு வருஷமாக வெட்டப்படாத பக்கத்தில் அடிமட்டத்தை வைத்து, மேல் மூலையிலிருந்து கீழ் மூலை வரை ஒரு கோடு இழுத்தார். நேரான கோடு.

“கீழ எழுதுங்க ஹாஜியார். ‘முழுவதும் செலுத்தப்பட்டது.’”

எழுதினார். காலிதீன் கொப்பியைத் தன் பக்கம் திருப்பி, விரல் வைத்து, ஒரு எழுத்தும் விடாமல் சத்தமாக வாசித்தார். வாசலில் நல்லரெத்தினம் துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். முப்பத்தொரு வருஷ மூடையும் ஒரே நேரத்தில் முதுகிலிருந்து இறங்கினால் மனிதன் எவ்வளவு உயரமாக நிற்பான் என்று காலிதீனைப் பார்த்தவர்களுக்கு அன்று தெரிந்தது.

ஸகியா சொன்னது ஞாபகம் வந்து, ஒள்ளுப்பம் நின்றார்.

அப்போதுதான் றினாஸ் மிசினை நிறுத்திவிட்டு, விரித்த தாளோடு உள்ளே வந்தான். தாளைப் பார்த்தான், ஹாஜியாரைப் பார்த்தான், மறுபடியும் தாளைப் பார்த்தான்.

“ஹாஜியார், நெல்லு உங்கட வீட்டு வளவுக்குத்தானாம், வாங்கினது ஆயிஷா உம்மா எண்டு கிடக்கி. கேற்றுக் கதவுச் சாவி உங்கட்டயா, இல்லாட்டி அதுவும் அவங்கட பேரிலயா?”